வயலுக்கு அடித்த மருந்தும் வயதான காலத்துச் சர்க்கரையும்

முன்னுரை:

தமிழ்நாட்டுக் கிராமங்களில் "மருந்து" என்ற சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுப்பது மருந்து. வயலில் பூச்சிக்கு அடிப்பதும் மருந்து. "அவன் மருந்தைக் குடித்துவிட்டான்" என்று யாராவது சொன்னால், அங்கே குறிப்பிடப்படுவது எந்த மருந்து என்று விளக்கத் தேவையே இல்லை.

இளமையில் முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு வயலுக்கு மருந்து அடித்த விவசாயி, அறுபது வயதில் தனக்கு மருந்து வாங்க அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறார். பல பேருக்கு அது சர்க்கரை நோய்க்கான மாத்திரை. இந்த இரண்டு மருந்துகளுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா? நகரத்துக்காரருக்குச் சர்க்கரை வந்தால் உட்கார்ந்தே வேலை பார்ப்பதும், உடல் பருமனும், எண்ணெய்ப் பலகாரமும் காரணம் என்று சொல்லிவிடலாம். வெயிலில் உழைத்து, ஒல்லியாகவே இருந்து, வயதான ஒரு விவசாயக் கூலிக்கு ஏன் வருகிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய கதை போர்க்களம், பண்ணை, முதியோர் உடல் பரிசோதனை, எலிக்கூண்டு என்று பல இடங்களைச் சுற்றி வந்து, கடைசியில் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் வந்து நிற்கிறது.

அதிசயப் பொடி:

டி.டி.டி. என்ற ரசாயனம் 1874-லேயே ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அது பூச்சிகளைக் கொல்லும் என்று கண்டுபிடித்தவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பால் முல்லர். ஆண்டு 1939. இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியின் நேபிள்ஸ் நகரில் பேன்களால் பரவிய டைபஸ் காய்ச்சலை இந்தப் பொடியைத் தூவியே அடக்கினார்கள். 1948-ல் முல்லருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஒரு பூச்சிக்கொல்லிக்கு மருத்துவப் பரிசு! அன்றைய உலகம் அதை எவ்வளவு நம்பியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அந்த நம்பிக்கை பொய்யும் அல்ல. சுதந்திரம் பெற்ற காலத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் பாதிக்கப்பட்டதாகவும், சுமார் 8 லட்சம் பேர் இறந்ததாகவும் மதிப்பிடப்பட்டது. 1953-ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. டி.டி.டி. தயாரிக்க 1954-ல் இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் என்ற அரசு நிறுவனம் அமைக்கப்பட்டது. வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. அடிக்கப்பட்டது. 1960-களின் நடுவில் மலேரியா நோயாளிகள் எண்ணிக்கை சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தது. எத்தனையோ உயிர்களை அந்தப் பொடி காப்பாற்றியது என்பதை மறைக்கக் கூடாது.

அடுத்து வந்தது பசுமைப் புரட்சி. 1960-களின் பிற்பகுதியில் குட்டை ரக நெல்லும் கோதுமையும் வந்தன. அவற்றுக்கு உரம் தேவைப்பட்டது. உரம் போட்டுச் செழித்த பயிரைத் தேடிப் பூச்சி வந்தது. பூச்சிக்கு மருந்து வந்தது. பி.எச்.சி. பொடி, எண்ட்ரின், பாரத்தியான், மோனோகுரோட்டோபாஸ் என்று பெயர்கள் ஒவ்வொன்றாகக் கிராமத்துக்குள் நுழைந்தன. கையுறையும் முகமூடியும் மட்டும் அவற்றோடு சேர்ந்து வரவில்லை.

இரண்டு வகை நஞ்சு:

முதல் வகை, குளோரின் கலந்த பூச்சிக்கொல்லிகள். டி.டி.டி., பி.எச்.சி., ஆல்ட்ரின், எண்ட்ரின், குளோர்டேன் எல்லாம் இந்தக் குடும்பம். இவை எளிதில் சிதையாதவை. தண்ணீரில் கரையாமல் கொழுப்பில் கரைபவை. மண்ணிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து மாட்டுக்கும், பாலிலிருந்து மனிதனுக்கும் வந்து உடல் கொழுப்பில் தங்கிவிடும். டி.டி.டி. உடைந்து உண்டாகும் டி.டி.இ. என்ற பொருள் மனித உடலில் பாதியாகக் குறையவே பல ஆண்டுகள் ஆகும்.

இரண்டாம் வகை, பாஸ்பரஸ் கலந்தவை. 1930-களில் ஜெர்மனியில் கெர்ஹார்டு ஷ்ராடர் என்ற வேதியியலாளர் பூச்சிக்கொல்லி தேடிக்கொண்டிருந்தபோது, 1936-ல் டாபுன் என்ற நரம்பு நச்சு வாயு கிடைத்தது. அதே வழியில் பின்னர் வந்ததுதான் பாரத்தியான். இவை பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்பவை; மனித நரம்பையும் அப்படியே தாக்குபவை. ஆனால் முதல் வகையைப் போல ஆண்டுக்கணக்கில் தங்காமல் சீக்கிரம் உடைந்துவிடும்.

1958-ல் கேரளாவில் ஒரு கொடுமை நடந்தது. கப்பலில் பாரத்தியானோடு சேர்ந்து வந்த கோதுமை மாவில் நஞ்சு கலந்துவிட்டது. அதைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். இந்தியாவின் பூச்சிக்கொல்லிச் சட்டம் (1968) பிறக்க இந்தச் சம்பவமே காரணம்.

ஆனால் அந்தச் சட்டமும் சரி, உலக நாடுகளின் சட்டங்களும் சரி, பெரும்பாலும் கவனித்தது "இன்று குடித்தால் இன்று சாவு" என்ற உடனடி ஆபத்தைத்தான். கொஞ்சம் கொஞ்சமாக முப்பது ஆண்டுகள் உடம்பில் ஏறினால் என்ன ஆகும் என்று கேட்டவர்கள் குறைவு. 1962-ல் ரேச்சல் கார்சன் எழுதிய "மௌன வசந்தம்" அந்தக் கேள்வியைப் பொதுமக்களிடம் கொண்டுபோனது. 1972-ல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. அப்போதும் பேசப்பட்டவை பறவைகளும் புற்றுநோயும்தான். சர்க்கரை நோயைப் பற்றிய பேச்சு எழவில்லை.

எலி மருந்து கொடுத்த முதல் எச்சரிக்கை:

1975-ல் அமெரிக்காவில் வேக்கர் என்ற எலிக்கொல்லி விற்பனைக்கு வந்தது. தற்கொலை எண்ணத்தில் அதை விழுங்கி உயிர் பிழைத்தவர்களைக் கண்டு டாக்டர்கள் அதிர்ந்தார்கள். அதுவரை சர்க்கரையே இல்லாதவர்களுக்குச் சில நாட்களில் கடுமையான சர்க்கரை நோய் வந்திருந்தது. இன்சுலின் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்களை அந்த நஞ்சு அழித்துவிட்டிருந்தது. அவர்கள் அதன்பிறகு இன்சுலின் ஊசியை நம்பித்தான் வாழ வேண்டியிருந்தது. 1979-ல் வேக்கர் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது.

ஒரே வேளையில் அதிக அளவு விழுங்கியவர்களின் கதை இது. வயலில் சுவாசிப்பவரின் கதை வேறு. ஆனாலும், வயலிலும் வீட்டிலும் பயன்படுத்தும் ஒரு நஞ்சு மனிதனுக்குச் சர்க்கரை நோயை உண்டாக்க முடியும் என்பது அன்றே நிரூபணமாகிவிட்டது.

வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள்:

1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானப்படை தெற்கு வியட்நாமின் காடுகள் மீதும் வயல்கள் மீதும் 7 கோடி லிட்டருக்கு மேல் களைக்கொல்லிகளைக் கொட்டியது. அவற்றில் அதிகம் பயன்பட்டது "ஏஜென்ட் ஆரஞ்ச்". பீப்பாயில் போட்டிருந்த ஆரஞ்சு நிறப் பட்டையால் வந்த பெயர். அதில் கலப்படமாக இருந்தது டையாக்சின் என்ற கொடிய நஞ்சு. அதுவும் கொழுப்பில் தங்குவதே.

தெளித்த விமானங்களில் பணிபுரிந்த வீரர்களின் உடல்நிலையைக் கண்காணிக்க 1982-ல் ஓர் ஆய்வு தொடங்கியது. அதே பகுதியில் பணிபுரிந்து, ஆனால் தெளிக்கும் வேலையில் ஈடுபடாத வீரர்களோடு இவர்களை ஒப்பிட்டார்கள். எல்லோரும் எதிர்பார்த்தது புற்றுநோயை. 1997-ல் வெளியான முடிவில் தெளிவாகத் தெரிந்தது சர்க்கரை நோய்! ரத்தத்தில் டையாக்சின் அதிகம் இருந்த பிரிவினருக்குச் சர்க்கரை நோய் ஒன்றரை மடங்கு அதிகமாக இருந்தது.

2000-ல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம், இந்தத் தொடர்புக்கு "வரையறைக்குட்பட்ட, ஆனால் கருதத்தக்க" சான்று இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. முழுமையாக நிரூபிக்கப்பட்டது என்று அது சொல்லவில்லை. ஆனாலும் அமெரிக்க அரசு அதையே போதுமானதாக எடுத்துக்கொண்டது. வியட்நாமில் பணிபுரிந்த வீரருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வந்தால், அது பணியால் வந்ததாகவே கருதி உதவித்தொகை தரலாம் என்று 2001-ல் விதி செய்தது.

மருந்து கொட்டப்பட்ட மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு? வியட்நாம் மக்கள் சார்பில் அந்த ரசாயனத்தைத் தயாரித்த நிறுவனங்கள் மீது 2004-ல் அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டது. 2005-ல் அது தள்ளுபடியானது. 2008-ல் மேல்முறையீடும் தோற்றது. 2009-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை விசாரிக்க மறுத்துவிட்டது. தெளித்தவருக்கு உதவித்தொகை கிடைத்தது. தெளிக்கப்பட்ட ஊர்க்காரருக்கு அந்த நீதிமன்றங்களில் ஒன்றும் கிடைக்கவில்லை.

விவசாயிகளும் அவர்கள் மனைவியரும்:

போர்க்களத்தை விட்டு வயலுக்கு வருவோம். 1993-ல் அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா ஆகிய மாநிலங்களில் விவசாயிகள் உடல்நல ஆய்வு தொடங்கியது. உரிமம் பெற்று மருந்து அடிப்பவர்களும் அவர்கள் மனைவியரும் சேர்ந்து சுமார் 89,000 பேர் இதில் சேர்ந்தார்கள். "எந்த மருந்து, எத்தனை நாள், எத்தனை ஆண்டு" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

2008-ல் வந்த முடிவில், 33,457 பேரில் 1,176 பேருக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் வந்திருந்தது. ஆராயப்பட்ட மருந்துகளில் ஏழு மருந்துகளைப் பயன்படுத்தியவர்களுக்கு வாய்ப்பு கூடுதலாகத் தெரிந்தது. அவை ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர், டைகுளோர்வாஸ், ட்ரைகுளோர்பான், அலாகுளோர், சயனசின். இவற்றில் டைகுளோர்வாஸ் "நுவான்" என்ற பெயரில் நம் ஊர்க் கடைகளில் விற்றதுதான்.

2014-ல் விவசாயிகளின் மனைவியர் பற்றிய முடிவு வந்தது. தாங்களே மருந்து கலந்த, அடித்த பெண்களில் பாரத்தியான், போரேட், டைல்ட்ரின் போன்றவற்றைக் கையாண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் அதிகம் காணப்பட்டது.

எழுபது வயதுக்காரர்களின் ரத்தம்:

மருந்தே அடிக்காதவர்களின் நிலை என்ன? 2006-ல் தென் கொரிய ஆய்வாளர் டக்-ஹீ லீயும் அவர் குழுவினரும் அமெரிக்கப் பொதுமக்கள் 2,016 பேரின் ரத்தப் பரிசோதனைகளை ஆராய்ந்தார்கள். ரத்தத்தில் டி.டி.இ., குளோர்டேன் எச்சங்கள் உட்பட ஆறு நஞ்சுகளின் கூட்டளவு ஏற ஏறச் சர்க்கரை நோயாளிகளின் விகிதமும் படிப்படியாக ஏறியது. மிக உயர்ந்த பிரிவில் வாய்ப்பு விகிதம் 37 மடங்குக்கு மேல்! ஆனால் ஒப்பிட எடுத்துக்கொண்ட கீழ்ப் பிரிவில் நோயாளிகள் மிகச் சிலரே என்பதால், அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்வது சரியாகாது. ஏறுமுகம்தான் முக்கியம்.

உடனே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழுந்தது. நஞ்சால் சர்க்கரை வந்ததா, அல்லது சர்க்கரை வந்த உடம்பு நஞ்சை வெளியேற்ற முடியாமல் தேக்கி வைத்ததா? ஒரே நாளில் எடுத்த ரத்தத்தை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது.

விடைக்கு உதவியது சுவீடன். உப்சாலா நகரில் 2001 முதல் 2004 வரை, சரியாக 70 வயதான 1,016 பேரை ஓர் ஆய்வில் சேர்த்திருந்தார்கள். அவர்களில் அப்போது சர்க்கரை நோய் இல்லாத 725 பேரை ஐந்து ஆண்டு கழித்து, 75 வயதில், மறுபடி பரிசோதித்தார்கள். 36 பேருக்குப் புதிதாக நோய் வந்திருந்தது. 70 வயதில் யாருடைய ரத்தத்தில் பி.சி.பி. என்ற தொழிற்சாலை ரசாயனங்களும் குளோரின் பூச்சிக்கொல்லி எச்சங்களும் அதிகம் இருந்தனவோ, அவர்களுக்கே நோய் அதிகம் வந்தது. பூச்சிக்கொல்லிகளின் கூட்டளவு மிக அதிகமாக இருந்த பிரிவில் வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல். 2011-ல் இது வெளியானது. நஞ்சு முன்னால், நோய் பின்னால் என்ற வரிசை இதில் தெளிவாகத் தெரிகிறது. 36 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் அந்த எதிர்க்கேள்விக்கு இது ஒரு நல்ல பதில்.

முதியவர்களுக்கு ஏன் அதிகம்?

காரணங்கள் பல சேர்கின்றன. முதலாவது, இந்த நஞ்சுகள் தாராளமாகப் புழங்கிய 1950 முதல் 1980 வரையான காலத்தில் வாழ்ந்து உழைத்தவர்கள் அவர்கள்தான். இரண்டாவது, உடலில் சேர்ந்தது முழுவதும் வெளியேறுவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. மூன்றாவது, வயதாகும்போது தசை குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது, இன்சுலின் சுரப்பும் தளர்கிறது. ஏற்கெனவே தளர்ந்த கணையத்துக்குச் சின்னச் சுமையும் பெரிய சுமைதான். நான்காவது, நோயாலோ பட்டினியாலோ உடல் இளைத்தால், கொழுப்பில் அடங்கியிருந்த நஞ்சு மறுபடி ரத்தத்தில் கலக்கிறது.

மதுரைப் பக்கத்தில் நடந்த ஆய்வு:

சீக்கிரம் உடைந்துபோகும் பாஸ்பரஸ் வகைக்கு இந்த விளக்கம் பொருந்தாது. அது தங்குவதில்லையே, பிறகு எப்படி? இதற்கு ஒரு விடை சொன்னது மதுரை காமராசர் பல்கலைக்கழகம்.

அதன் ஆய்வாளர்கள் திருப்பரங்குன்றம் வட்டாரக் கிராமங்களில் 35 வயதுக்கு மேற்பட்ட 3,080 பேரைப் பரிசோதித்தார்கள். பூச்சிக்கொல்லியோடு நேரடித் தொடர்பு உள்ளவர்களில் 18.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். தொடர்பு இல்லாதவர்களில் 7.9 சதவீதம். அதாவது இரண்டு மடங்குக்கு மேல்.

அடுத்து, ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு 180 நாட்கள் மோனோகுரோட்டோபாஸ் கலந்த தண்ணீர் கொடுத்தார்கள். எலிகளின் ரத்தத்தில் சர்க்கரை மெல்ல மெல்ல ஏறியது. ஆனால் நரம்பு பாதித்த அறிகுறி இல்லை. காரணம் குடலில் இருந்தது. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த நஞ்சை உடைக்கின்றன. உடைக்கும்போது அசிட்டேட் என்ற பொருள் உண்டாகிறது. அதைக் கொண்டு குடலும் கல்லீரலும் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கின்றன. நஞ்சு உண்ட எலியின் கழிவிலிருந்த நுண்ணுயிர்களை நஞ்சே உண்ணாத எலிக்கு மாற்றியபோது, அந்த எலிக்கும் சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் குறைந்தது. 2017-ல் இந்த ஆய்வு "ஜீனோம் பயாலஜி" என்ற சர்வதேச இதழில் வெளிவந்தது.

நஞ்சு சீக்கிரம் உடைந்துவிடுகிறது, ஆகவே ஆபத்து இல்லை என்பதுதான் இத்தனை நாள் சொல்லப்பட்ட சமாதானம். உடைவதிலேயே வேறோர் ஆபத்து இருக்கலாம் என்று இந்த ஆய்வு காட்டியது.

இன்றைய நிலை:

இந்தியாவில் 1989-ல் விவசாயத்துக்கு டி.டி.டி. தடை செய்யப்பட்டது. 1990-ல் எண்ட்ரின், 1996-ல் ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர், 1997-ல் பி.எச்.சி. தடையாயின. எளிதில் சிதையாத நஞ்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2001-ல் கையெழுத்தாகி 2004-ல் நடைமுறைக்கு வந்தது. 2018-ல் இந்திய அரசு போட்ட ஆணைப்படி டைகுளோர்வாஸ், ட்ரைகுளோர்பான், அலாகுளோர், போரேட் ஆகியவை 2020 டிசம்பர் 31 முதல் தடையாயின. மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதக் கரைசலுக்கு 2023-ல் தடை ஆணை வந்தது. ஆனால் இந்தத் தடைகளில் எதுவும் சர்க்கரை நோயைக் கணக்கில் எடுத்து வந்தது என்று சொல்வதற்கில்லை.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இதற்கெல்லாம் பூச்சிக்கொல்லிதான் காரணம் என்றால் அது பெரிய பொய். பரம்பரை, உணவு, உடல் பருமன், உழைப்பின்மை ஆகியவை முக்கியக் காரணங்களாகவே நிற்கின்றன. 2011-ல் அமெரிக்காவில் கூடிய வல்லுநர் கூட்டமும், சில குளோரின் நஞ்சுகளுக்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பு இருப்பதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அவைதான் நோயை உண்டாக்கின என்று அறுதியிட இன்னும் சான்று போதாது என்றது. யாரும் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தவோ, நடைப்பயிற்சியை விடவோ கூடாது.

முடிவுரை:

சான்று அரைகுறையாக இருந்தபோதே ஒரு நாடு தன் பழைய வீரர்களுக்குச் சாதகமாக முடிவெடுத்தது. அதே அளவு சான்று, ஏன் அதைவிடக் கூடுதலான சான்று, இன்று விவசாயிகள் விஷயத்தில் இருக்கிறது. ஆனால் சர்க்கரை நோய்க்காக வரும் ஒரு முதிய விவசாயியிடம் "சோற்றைக் குறையுங்கள், நடங்கள்" என்று சொல்லப்படும் அளவுக்கு, "எத்தனை வருஷம் மருந்து அடித்தீர்கள்? என்ன மருந்து?" என்று கேட்கப்படுவதில்லை. கேட்டால்தானே குறித்து வைக்க முடியும்? குறித்து வைத்தால்தானே நாளைக்குக் கணக்குப் பார்க்க முடியும்? அயோவா விவசாயிகளிடம் 1993-ல் கேட்ட அந்தக் கேள்விக்குப் பணம் அதிகம் தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் சீட்டில் ஒரு வரி இடம் போதும்.

இனி மருந்து அடிக்கப் போகிறவர்களுக்கு வேறு வழி உண்டு. முழுக்கைச் சட்டை, கையுறை, முகத்தை மூடும் துணி, காற்று வீசும் திசைக்கு எதிரே நின்று அடிக்காமை, அடித்த உடுப்பைத் தனியே துவைப்பது, காலி டப்பாவை வீட்டு உபயோகத்துக்கு எடுக்காமை ஆகியவை அதிகம் செலவில்லாத காப்புகள். பூச்சி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் அடிக்கும் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை முறை மருந்தையும் செலவையும் சேர்த்தே குறைக்கும்.

ஏற்கெனவே அடித்து முடித்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். எந்த மருந்து, எந்தப் பயிருக்கு, எத்தனை போகம் என்பது இன்னும் அவர்களுக்கு நினைவிருக்கிறது. அவர்களிடம் கேட்க அதிக காலம் மீதமில்லை.